கறுப்பு வேறு, கெட்டி வேறு: வீட்டில் ஸ்டௌட் காய்ச்சுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்டௌட் என்பது வறுத்த தானியத்தால் கறுத்த பீர். அதில் ஒன்றான கின்னஸ் டிராஃப்ட் பார்க்க மைபோல இருக்கும். ஆல்கஹால் என்னவோ சுமார் 4.2 சதவீதம்தான். இலங்கையின் லயன் ஸ்டௌட்டும் அதே கறுப்புதான். அதில் 8 சதவீதத்தைத் தாண்டும். நிறம், வீரியம், கெட்டித்தன்மை மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. இதை மறந்தால் மற்றத் தவறுகள் தாமாக வந்து சேரும். (இங்கிலாந்தில் 1963 முதல் சொந்தத் தேவைக்கு உரிமமின்றிக் காய்ச்சலாம், நான் இங்கிருந்துதான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் முயன்றால் கம்பி எண்ண நேரிடும்.)

வீரியம் வேண்டும் என்று சர்க்கரையைக் கொட்டுவதுதான் முதல் தவறு. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு டப்பாவிலேயே ‘ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும்’ என்று போட்டிருப்பார்கள். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். போதை ஏறும், நாக்கில் நிற்க ஒன்றும் இருக்காது. மால்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்கள் என்ற மாவுச்சத்துத் துண்டுகள் உண்டு. வாயில் கனமாக உட்காருபவை அவைதான். 19 லிட்டருக்கு 4 கிலோ உலர்ந்த மால்ட் சாறு போட்டால் நொதிக்கும் முன் அளக்கும் தொடக்க அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.080-ஐ ஒட்டி வரும். சர்க்கரையே தேவையில்லை.

கறுப்பு ஸ்டௌட்டுக்குக் கறுப்புச் சாறு என்று வாங்குவதும் வேண்டாம். அதில் எந்தத் தானியம் எவ்வளவு என்பது செய்தவருக்கே வெளிச்சம். வெளிர்ச் சாறு வாங்கி, வறுத்த பார்லியும் கிரிஸ்டல் மால்ட்டும் (உள்ளே சர்க்கரை பாகாக இறுகிய மால்ட்) அரை அரைக் கிலோ துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பையோடு கொதிக்கவிட்டால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். சாற்றைச் சேர்க்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லையேல் வெல்லப்பாகு போல அடிபிடிக்கும். மறுபடி கொதி வரும்போது பால் பொங்குவதுபோலப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். அடர்ந்த கரைசலில், கசப்புக்காகக் கொதிக்கவைக்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு சரியாக இறங்காது என்பதால், பாதிச் சாற்றைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

ஈஸ்ட்டில் கஞ்சத்தனம் காட்டுவதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். இவ்வளவு அடர்த்திக்கு ஒரு பொட்டலம் போதாது, இரண்டு போடுங்கள். ஆறிய கரைசலை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றிய பிறகு தூவுங்கள். வெப்பம் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும். நொதிக்கும்போது உள்ளே சூடு தானாகவே ஏறும். கவனிக்காவிட்டால் தொண்டையைச் சுடும் காரமான ஆல்கஹால்தான் கிடைக்கும். வாளியை நிரப்பி, மூடியில் சின்னக் காற்றுப்பூட்டை (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பை) செருகிவிட்டு ஒருமுறை தூங்கப் போனேன். நுரை ஏறிப் பூட்டை அடைத்து, விடியற்காலையில் மூடி பறந்தது. கூரையில் பட்ட கறுப்பு இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் தெரிகிறது. இப்போதெல்லாம் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினித் தண்ணீரில் விட்டுவிடுகிறேன்.

கடைசியில் தண்ணீர் ஊற்றி அளவை நிரப்புகிறவர்கள் நன்றாகக் கலக்காமல் ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவையை) விட்டு, அளவு குறைவாகக் காட்டுகிறதே என்று பதறுவார்கள். கனமான சாறு அடியில் கிடக்க, மேலே இருக்கும் தண்ணீரைத்தான் அது அளக்கிறது.

குமிழி நின்றதும் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. 1.080-இல் தொடங்கியது 1.020 அருகே வந்து, மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். 1.030-இலேயே நின்றால் வாளியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, அடி ஈஸ்ட்டை மெல்லக் கிளப்பிவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு அடைத்த பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில்லுகள் சுவரில் ஏறும். பாட்டிலுக்குள் வாயு உண்டாக, அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை 19 லிட்டருக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது வாரம் திறந்த என் முதல் பாட்டிலில் கரிந்த பார்லியும் சாராய நெடியும்தான் இருந்தன. அதே தடவை காய்ச்சியதில் அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன ஒன்றை ஆறு மாதம் கழித்துத் திறந்தேன்: டிகாஷன் மணம், அடிச்சுவையில் உலர்ந்த திராட்சை.