கீமோ நடக்கிற வீட்டில் நாட்டு மருந்தும் இருந்தால்

பயொப்சி முடிவு புற்றுநோய் என்று வந்ததும் சொந்தபந்தம் வீடு தேடி வரும். ஒருவர் முள்ளு அன்னமுன்னா இலை கொண்டுவருவார், இன்னொருவர் கருஞ்சீரக எண்ணெய், வேறொருவர் பெயர் எழுதாத பொட்டலத்தில் ஏதோ தூள். கிழக்கிலங்கையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இதுதான் நடப்பு. அன்போடு வந்ததை முகத்தில் அடித்த மாதிரி மறுக்கத் தேவையில்லை. ஆனால் வாங்கி வைப்பது வேறு, நோயாளிக்குக் கொடுப்பது வேறு.

முதலில் திகதி. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை எதற்குத் திகதி கிடைத்திருந்தாலும், எந்தக் கசாயத்துக்காகவும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். "மூன்று மாதம் குடித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் ஆஸ்பத்திரி" என்ற யோசனைதான் உயிரைக் குடிக்கிறது. வெற்றிலை, புகையிலையால் கன்னத்துக்குள் வந்த சிறிய கட்டியை இன்று வெட்டி எடுக்கலாம். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டால், அதே ஆளுக்குப் பெரிய சத்திரசிகிச்சையோடு கதிரும் கீமோவும் தேவைப்படலாம். 2018இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு, நோய் தூர உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரைப் பார்த்தது. வழமையான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு மரண ஆபத்து 2.5 மடங்கு, மார்பகப் புற்றுநோயில் 5 மடங்குக்கும் மேல். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

மூலிகை எல்லாம் வீண் என்று சொல்லவும் முடியாது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் வின்கிறிஸ்டின், நம் முற்றத்தில் பூக்கும் பட்டிப்பூச் செடியில் (நித்தியகல்யாணி) இருந்து வந்ததுதான். அதைப் பிரித்தெடுத்து, உடற்பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராம் அளவில் நாளத்தில் ஏற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் நரம்பு பழுதாகும். அதே செடியை அவித்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குடிக்கவே வேண்டாம்.

அடுத்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதுங்கள்: மருந்தின் பெயர், இலையா வேரா எண்ணெயா, ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி, நாளுக்கு எத்தனை தரம், எப்போது தொடங்கியது, கொடுத்தவர் யார். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியாத தூள்" என்றே எழுதிப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள். வைத்தியர் மருந்து எழுதும் முன்பே காட்ட வேண்டும். ஏசுவார் என்ற பயத்தில் ஒளிப்பதுதான் பெரிய பிழை. ஈரல் சோதனை உயர்ந்திருந்தால் காரணம் கீமோவா கசாயமா என்று அவர் பிரித்தறிய வேண்டும். அதுவரை கீமோ தள்ளிப்போகலாம்.

கறிக்குப் போடும் மஞ்சள், சீரகம், மிளகு அளவில் பயமில்லை. சிக்கல் செறிவாக்கிய தூளிலும் குளிசையிலும்தான். மஞ்சள் குளிசை இரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும், சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவரும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுப்பவரும் தொடக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசையை வேலை செய்யும் வடிவுக்கு மாற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. கருஞ்சீரக எண்ணெய் அதை மந்தமாக்கக்கூடும். அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் உடலின் உப்புச்சத்துகளை இறக்குவதால் இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். சீந்தில் குடித்து ஈரல் கெட்டவர்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கிறார்கள். முள்ளு அன்னமுன்னாச் சாறு ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களைக் கொன்றது உண்மை. மனிதரில் நோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. கரீபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுநாள் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் கண்டறியப்பட்டது. பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதுவும் கூடாது; சிறுநீரகம் தாங்காது.

வீட்டு வைத்தியத்தில் உதவுவதும் உண்டு. குமட்டலுக்கு, வைத்தியர் தந்த குளிசையோடு, இஞ்சித் தேநீர் சிறிதளவு குடிக்கலாம். வாய்ப்புண்ணுக்கு 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 1 தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கரையுங்கள். கதிர் பட்ட தோலில் மஞ்சள் பற்றோ எண்ணெயோ பூசாதீர்கள். வெடித்த தோலில் கிருமி புகும்.

கீமோ ஏற்றி ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் பச்சை வல்லாரைச் சம்பல் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். 38 பாகை காட்டினால் கொத்தமல்லி அவிப்பதும், பனடோல் கொடுத்து விடியும் வரை பார்ப்பதும் காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியைத் தடுக்காது. இரவானாலும் உடனே புறப்படுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அவசரப் பிரிவில் முதல் சொல்லாக "கீமோ ஏற்றி இத்தனையாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லி, கிளினிக் கொப்பியை நீட்டுங்கள்.