தீவிர மனநோயுடன் வாழ்பவருக்கு வேலையும் வீடும்: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற தீவிர மனநோய் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், ‘முழுசா குணமாகட்டும், அப்புறம் வேலைக்கு அனுப்பலாம்’ என்று சொல்லியே பல குடும்பங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றன. அதற்குள் அவருக்குக் கையில் இருந்த தொழில் மறந்துபோகிறது, ஊரில் பழக்கம் விட்டுப்போகிறது, சோறு போட்டுக்கொண்டிருந்த தாய்க்கும் முதுமை வந்துவிடுகிறது. வேலை தேடுவதற்கு நோய் அறவே நீங்கியிருக்க வேண்டியதில்லை. மருந்தில் நோய் அடங்கியிருந்தால் போதும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் உருவாக்கிய வேலைத்துணை முறை இதை நடைமுறையில் காட்டியது: வேலை செய்ய விரும்பும் எவரையும் தள்ளிவைக்காமல், நீண்ட பயிற்சியில் உட்காரவைக்காமல், அவர் விரும்பும் சாதாரண வேலையை விரைவில் தேடித் தந்து, சேர்ந்த பின்னும் துணை நிற்பதே அந்த முறை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய வழியைவிட இதுவே கூடுதலானவர்களை வேலையில் அமர்த்தியது.

முதல் படி, மருந்து தடையின்றிக் கிடைக்கும் இடத்தை உறுதி செய்வது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவதால், உங்கள் ஊருக்கு அருகில் எந்த நாளில் வருகிறார் என்பதை விசாரித்து வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கும் வீடற்றவருக்கும் சிகிச்சை இலவசம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது; இதற்கு வறுமைக் கோட்டு அட்டை கையில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாத்திரையை மறப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது மருந்தையும் சேர்த்தே எண்ண வேண்டும், ஏனெனில் வயல் வேலை நிறைந்த இந்தப் பகுதியில் மருந்தும் வெயிலும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மருந்தை உட்கொள்பவர் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை வரலாம். அப்படி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. குளோர்புரோமசின் போன்றவை தோலை வெயிலுக்குக் கூசவைக்கின்றன. காலையில் தூக்கம் கலையாதவரை விடியற்காலை வாழை இலை அறுப்புக்கு அனுப்புவதும், கை நடுங்குபவரைத் திருபுவனத்துப் பட்டுத் தறியில் உட்காரவைப்பதும் தோல்வியை நாமே வலியப் போய் அழைத்து வருவதாகும். தறி அடித்துப் பழகிய கை என்றால், மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே அந்தத் தொழிலை விட வேண்டும். இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இரவுக் காவல் வேலை வேண்டாம். உறக்கம் கெட்டால் நோய் எழும். கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்கும் வேலையை, மயக்கம் தரும் மருந்து எடுக்கும் எவருக்கும் தரக்கூடாது.

பொருந்தக்கூடியவை பல உள்ளன. கும்பகோணம் சுற்று வட்டாரத்தின் வெற்றிலைக் கொடிக்காலில் நிழலும் ஈரமும் உண்டு, வேலையும் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும். பூ கட்டுதல், பாத்திரக் கடையில் துடைத்து அடுக்குதல், உணவகத்தில் காய்கறி நறுக்குதல், நாற்றங்காலில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுதல், ஆடு மேய்த்தல், அரிசி ஆலையில் சாக்கு தைத்தல் ஆகியவற்றில் தொடங்கலாம். ஆனால் அவர் முன்பு கொத்தனாராகவோ கணக்கராகவோ இருந்திருந்தால் அந்தத் தொழிலையே முதலில் தேட வேண்டும், பி.காம் முடித்தவரைப் பார்த்தவுடன் ஆடு வாங்கித் தரலாம் என்று உறவினர்கள் முடிவு செய்வது இரக்கமே தவிர உதவி அன்று. என்ன வேலை என்பதை அவரே சொல்லட்டும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் எனத் தொடங்கி, நிலைத்த பிறகு கூட்டலாம்.

முதலாளியிடம் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பதை வேலைக்குப் போகிறவரே தீர்மானிக்க வேண்டும். சிற்றூரில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும் என்பதால், மறைப்பதைவிட அளவாகச் சொல்வது நல்லது: ‘மருந்து சாப்பிடுறார், மாசம் ஒரு நாள் ஆஸ்பத்திரி போகணும், ஒரு நேரத்துல ஒரு வேலையா சொன்னா நல்லா செய்வார்’ என்பது போதும். நோயின் பெயரும் பழைய கதைகளும் வேண்டாம். செய்த வேலைக்கு மற்றவர்களுக்குத் தரும் கூலியையே கேளுங்கள். ‘சோறு போட்டு வச்சுக்கிறேன்’ என்பவரிடம் விட்டுவிடாதீர்கள். கூலி அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். முதல் மூன்று மாதங்களில் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் கடைக்கோ வயலுக்கோ போய் இருவரிடமும் பேசிவர வேண்டும், ஏனெனில் வேலை போவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல, ஒரு சிறு மனத்தாங்கலை யாரும் பேசித் தீர்க்காததால்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல், சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை கூலி வேலை வற்றிப்போவது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவதே வழக்கம் என்றாலும், எல்லா ஆண்டிலும் அது நடப்பதில்லை. வெறுமனே இருக்கும் அந்த மாதங்களில்தான் மருந்து நிற்கிறது, சண்டை வருகிறது, ஆள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். ஆகவே வயல் வேலையோடு வயல் சாராத ஒரு சிறு வேலையும் கையில் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் மதிப்பிடப்பட்டால் உதவித்தொகைக்கும் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்க வழி பிறக்கும். தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்பதையும் மருத்துவர் மதிப்பிடுவார். அன்றைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டு, ‘இப்ப நல்லா இருக்கான் டாக்டர்’ என்று சொல்லிவிட்டுக் குறைந்த விழுக்காட்டோடு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். மோசமான நாட்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டுசெல்ல வேண்டும். விண்ணப்பம் தேங்கினால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

வீடு பற்றிய ஏற்பாட்டைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். இதைப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்குவதன் விலையைப் பேருந்து நிலையங்களில் படுத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நோயையோ குறைபாட்டையோ காட்டி எவருக்கும் சொத்தில் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணன் பெயருக்கு வீட்டைத் தானசெட்டில்மென்ட் எழுதுவதானால், நோயுள்ள தம்பியோ தங்கையோ ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். ‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்ற வாய்ச்சொல் அண்ணி, பிள்ளைகள், கடன் என்று காலம் மாறும்போது நிற்பதில்லை. நோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது என மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதால், ‘பைத்தியம் போட்ட கையெழுத்து செல்லாது’ என்று மிரட்டுபவரின் பேச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வழக்குச் செலவுக்குப் பணம் இல்லையெனில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இன்றி அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். குடும்பம் கைவிட்டாலும் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற அரசு உதவ வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. தாய்க்குப் பிறகு சிகிச்சை முடிவுகளில் உடன் நிற்பவர் யார் என்பதையும், நோயுள்ளவர் நலமாக இருக்கும் நாளில், வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு அவரே நியமிக்கலாம்.

குணசீலத்திலும் நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் வேண்டுதலுக்குத் தங்கவைப்பது பலரின் நம்பிக்கை. அதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் 48 நாள் தங்கினாலும் மாத்திரை 48 நாளும் தொடர வேண்டும், உடன் ஒருவர் இருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது, 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் கட்டுண்டவர்கள் கருகி இறந்த இந்த மாநிலத்தில், எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கத்தக்கதன்று; சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

ஒருவர் காணாமல் போனால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அண்மைய புகைப்படம், அங்க அடையாளம், உட்கொள்ளும் மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் முன்பே எழுதி வைத்திருங்கள். தெருவில் தன்னைப் பேணிக்கொள்ள இயலாமல் திரிபவரைக் கண்டால் காவல் துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், லாக்கப்பில் அடைக்கக்கூடாது, குடும்பத்தைத் தேடவும் வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு கூறுகிறது. நிலைய அதிகாரி தயங்கினால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரவில் என்ன செய்வதென்று தெரியாதபோது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்)த் தமிழிலேயே அழைக்கலாம்.

காணாமல் போய்த் திரும்பி வந்தவரை வேலைக்குத் திரும்ப அனுப்ப ஒரு மாதம் பொறுக்க நேரலாம். அந்த ஒரு மாதமும் இடத்தை வைத்திருக்குமாறு முதலாளியிடம், அவர் ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே போய்ப் பேசிவிடுங்கள்.