கூட்டுப் பட்டா இருந்தால் வீட்டு வரைபட அனுமதி: என் அனுபவம்

சோழவந்தான் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட நாலு சென்டில் வீடு கட்ட நினைத்தோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் என்றால், 2024 முதல் தமிழக அரசின் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுப்பது) ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். எங்களுக்கு இடித்தது பட்டா. பெரியப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பத்திரத்தில் இருந்த அளவு தனியாகப் பிரிந்திருக்கவில்லை.

"நான் முடிச்சுத் தாரேன், நீங்க அலைய வேணாம்" என்று ஒரு புரோக்கர் வந்தார். அவர் கேட்ட தொகைக்கு அஸ்திவாரமே போட்டுவிடலாம்!

இ-சேவை மையத்தில் பத்திரம், வில்லங்கச் சான்று வைத்து உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனு போட்டேன். அளக்க வந்த சர்வேயர் முதலில் தேடியது மூலைக்கல்லை. சீமைக்கருவேலம் புதரை வெட்டி, மண்ணைக் கிளறிய பிறகுதான் தலை தெரிந்தது. பெரியப்பாவையும் பக்கத்து மனைக்காரரையும் கூடவே நிற்க வைத்தேன். இதை மட்டும் விடாதீர்கள், பிற்பாடு ஒருத்தரும் ஆட்சேபம் சொல்ல வரவில்லை.

புது உட்பிரிவு எண்ணோடு பட்டா வந்தது. அப்புறம் அந்த உட்பிரிவின் புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) உள்ள அளவை வைத்தே இன்ஜினியரை வரைபடம் போடச் சொன்னேன். பதிவேற்றி, கட்டணம் கட்டியதும் அனுமதி கைக்கு வந்துவிட்டது. இப்போது போர்வெல் வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம்.