கூரை எப்போது அறுக்கப்பட்டது?

மறைந்த என் சித்தப்பாவின் மடக்குக்கூரை மோரிஸ் மைனர் கார் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தது என்று வீட்டில் அனைவரும் நம்பியிருந்தோம். ஆனால் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரப் பட்டறையில் அதை ஜாக்கியால் உயர்த்தியபோது கதவுகள் இறுகித் திறக்க மறுத்தன. வண்டியின் உடல் வளைகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பதிவு ஆவணத்தை நம்பாமல், எஞ்சின் அறையிலுள்ள அடையாளத் தகட்டைச் சுரண்டிப் படித்தேன். மடக்குக்கூரை வண்டிக்குரிய ஆங்கில 'T' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், மூடிய கூரையுள்ள இரு கதவுக் காரைக் குறிக்கும் '2S' இருந்தது. தகடு மாற்றப்பட்டிருக்கலாமே என்ற ஐயத்தால், தொழிற்சாலையில் செய்த மடக்குக்கூரை வண்டிகளில் கூரை தரும் வலுவை ஈடுசெய்ய டாஷ்போர்டுக்கு அடியிலும் கதவுகளின் கீழுள்ள வாசற்படிகளுக்குள்ளும் பற்றவைக்கப்பட்டிருக்கும் வலுவூட்டுத் தகடுகளைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகக் காப்பகத்தில் உற்பத்திப் பதிவேட்டின் சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். மூடிய கூரையோடுதான் அது வெளியேறியிருக்கிறது.

யாரோ ஒரு கைதேர்ந்த கைவினைஞர் பின்னாளில் கூரையை அறுத்திருக்கிறார்; வளைவுகளின் நேர்த்தியை இன்றும் தடவிப் பார்க்கிறேன். கதவு இடைவெளிகளை அளந்து, குறுக்குக் கம்பிகளால் உடலை நிலைநிறுத்திய பின்னரே வாசற்படிகளுக்குள் புதிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தோம். இப்போது ஜாக்கியில் நிற்கும்போதும் கதவுகள் எளிதாகத் திறக்கின்றன.