எல்எம்எம்எஸ்ஸில் மிஸ்ர சாபு: காசு செலவில்லாமல் வீட்டிலேயே சுருதியும் தாளமும்

பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் பாடிப் பழக, சுருதியும் தாளமும் சேர்ந்த ஒலிக்கோப்பு வேண்டியிருக்கிறது. அதற்கு ஆப்புகள் நிறைய இருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஒரு பாட்டுக்கு, குறிப்பிட்ட வேகத்தில், நடுவே சின்னதாக ஒரு ராக வரியும் கேட்க வேண்டும் என்றால் நாமே செய்துகொள்வதுதான் வழி. இங்கே பெங்களூரில், அல்சூரில் எங்கள் மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அக்கா கேட்டதற்காக நான் அப்படித்தான் செய்தேன். மிஸ்ர சாபு தாளம், ஒரு கட்டை சுருதி, கூடவே கொஞ்சம் தோடி ராகம். பழைய லேப்டாப், வயர் வைத்த ஹெட்போன், இலவச மென்பொருள், அவ்வளவுதான். அதே வேலையை நீங்களும் செய்து பார்க்க இந்தக் குறிப்பு.

எந்த மென்பொருள்?

என் தேர்வு எல்எம்எம்எஸ் (LMMS). கணினியில் இசை கட்டுவதற்கு 2004 முதல் இருக்கிற திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பணம் கட்டச் சொல்லாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டில் தொடங்கலாம், அதுவும் இலவசம். குரலையும் வாத்தியத்தையும் நேரடியாகப் பதிவதுதான் முக்கிய வேலை என்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இன்னும் பொருத்தம். ஏனென்றால் எல்எம்எம்எஸ்ஸின் 1.2 பதிப்பில் மைக்கில் இருந்து பதிவு செய்யும் வசதியே கிடையாது. அது ஸ்டெப் போட்டு, சுரம் வரைந்து இசையைக் கட்டுவதற்கான கருவி. தாளத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பழக அதைவிட எளிமையானது எனக்குத் தெரிந்து இல்லை.

நாலைந்து மென்பொருளை ஒரே நாளில் இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒன்றில் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

அதிகாரப்பூர்வ தளமான எல்எம்எம்எஸ்.ஐஓ-வில் இருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நான் சொல்வது 1.2.2 பதிப்பை வைத்து. 1.3-இன் சோதனைப் பதிப்பில், தாளத்தை அடுக்கும் சாளரமான 'பீட்+பேஸ்லைன் எடிட்டர்' என்பதை 'பேட்டர்ன் எடிட்டர்' என்று மாற்றிவிட்டார்கள். வேறு சில இடங்களும் மாறியிருக்கலாம்.

முதல் வேலை: தாளத்தைச் சொல்லுங்கள்

நிறுவியதும் திறந்தால் 4/4 (ஒரு பார், அதாவது ஒரு சுற்று, நான்கு கால் நோட்டு), வேகம் 140 என்று வந்து நிற்கும். பெரும்பாலான விளக்கங்கள் இதை அப்படியே விட்டுவிட்டு டிரம் போட ஆரம்பித்துவிடும். மேற்கத்திய நடன இசைக்கு அது சரி. நமக்கு ஒத்துவராது. மிஸ்ர சாபு என்பது ஏழு அட்சரம் (தாள எண்ணிக்கை), தகிட தகதிமி. அட்சரத்துக்கு அரைக்கால் நோட்டு என்று வைத்து அதை 4/4 கட்டத்துக்குள் (எட்டு இடம்) போட்டால் ஏழு முடிந்த பிறகும் ஒரு அட்சரம் காலியாக நிற்கும். அந்தக் காலியை நிரப்பினால் அது மிஸ்ரம் இல்லை. நிரப்பாமல் அடுத்த சுற்றை அங்கேயே தொடங்கினால் சமம் (சுற்றின் முதல் அடி) ஒவ்வொரு பாரிலும் ஒரு இடம் நகர்ந்துகொண்டே போகும். பாடுகிறவருக்கு எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) எங்கே என்றே பிடிபடாது.

அதனால் ஒரு சத்தமும் போடுவதற்கு முன்னால், மேல் பட்டையில் டெம்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் டைம் சிக்னேச்சரை 7/8 ஆக்குங்கள். எண்ணின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினால் போதும். அடுத்தது வேகம். இந்த மென்பொருள் வேகத்தைக் கால் நோட்டில் எண்ணுகிறது. நம் அட்சரமோ இங்கே அரைக்கால் நோட்டு. ஆகவே 140 என்று வைத்தால் நிமிடத்துக்கு 280 அட்சரம் ஓடும், ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 1.5 செகண்டில் முடிந்துவிடும். பழகுகிறவர்களுக்கு அது மிக அதிகம். 100 வைத்தால் ஆவர்த்தனத்துக்கு 2.1 செகண்ட். நான் அங்கே தொடங்குவேன். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் 80.

மற்ற தாளங்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரூபகத்துக்கு 3/4, கண்ட சாபுவுக்கு 5/8. ஆதி தாளத்துக்கு 4/4-ஐ அப்படியே விட்டு, இரண்டு பார் சேர்ந்தது ஒரு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளக் கட்டம்

எஃப்6 அழுத்தினால் பீட்+பேஸ்லைன் எடிட்டர் திறக்கும். இடது பக்கம் 'மை சாம்பிள்ஸ்' என்பதற்குள் டிரம்ஸ் கோப்புறை இருக்கிறது. அதிலிருந்து கனமான கிக் ஒன்று, கைதட்டல் ஒன்று, மூடிய ஹை-ஹேட் ஒன்று என மூன்றையும் இழுத்து எடிட்டரில் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். 7/8 வைத்திருப்பதால் 14 கட்டம் இருக்க வேண்டும், அட்சரத்துக்கு இரண்டு. 16 காட்டினால் அந்த டிராக் பழைய 4/4-இல் உருவானது. அதை நீக்கிவிட்டுப் புதிதாக இழுத்துப் போடுங்கள்.

இனி கவனம். இந்த இடத்தில்தான் முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். கட்டங்களின் நிறம் நான்கு நான்காக மாறும். டைம் சிக்னேச்சரை என்னவாக மாற்றினாலும் நிறம் மட்டும் நான்கிலேயே நிற்கும். கண் தானாக அந்த நிறத்தைப் பின்தொடர்ந்து ஒன்று, ஐந்து, ஒன்பது என்று அடியை வைக்கச் சொல்லும். கேட்டால் தாளம் நொண்டும். நிறத்தைப் பார்க்காமல் வாய்விட்டு எண்ணுங்கள். 'தகிட' மூன்று அட்சரம், அதாவது ஆறு கட்டம். எனவே 'தகதிமி' ஏழாவது கட்டத்தில் தொடங்கும். அதன் பிற்பாதியான 'திமி' பதினோராவது கட்டத்தில். மிஸ்ர சாபுவில் கையால் தட்டுகிற இடங்களும் இவையே: ஒன்றாவது, நான்காவது, ஆறாவது அட்சரம்.

ஆக, கிக் 1-இல் மட்டும். கைதட்டல் 7, 11. ஹை-ஹேட் 1, 3, 5, 7, 9, 11, 13 என ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும், சத்தத்தைப் பாதி அளவுக்குக் கீழே குறைத்து வையுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டிக் கேளுங்கள். கூடவே கையால் தாளம் போட்டுப் பாருங்கள். கை தானாகச் சேர்ந்துகொண்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

கண்ட சாபு செய்பவர்களுக்கு 10 கட்டம் வரும். 2+3 என்பதால் அடி 1-லும் 5-லும். ஆதி தாளத்துக்கு 16 கட்டம் போதாது. பேட்டர்னில் வலது கிளிக் செய்து 'ஆட் ஸ்டெப்ஸ்' கொடுத்தால் 32 ஆகும்.

கிக், ஹை-ஹேட் எல்லாம் நம் காதுக்கு அந்நியமாகப் பட்டால், பக்கத்தில் மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிப்பவர் இருந்தால் தனித்தனிச் சொற்களாக நாலு அடி அடிக்கச் சொல்லி போனிலேயே பதிந்துகொள்ளுங்கள். அந்த வேவ் கோப்பை இழுத்து விட்டால் ஆடியோஃபைல்பிராசசர் என்ற கருவியில் உட்கார்ந்துவிடும். அடி விழுவதற்கு முன்னால் இருக்கும் சின்ன மௌனத்தை அதன் ஸ்டார்ட் குமிழால் வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் சரியாக இருந்தும் எல்லா அடியும் தாமதமாகக் கேட்கும்.

பதிவு என்றதும் தனி அறை, ஃபோம் என்று செலவுக்குப் போக வேண்டாம். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பதிந்தால் எதிரொலி நன்றாக அடங்கும். ஃபேனை நிறுத்துங்கள். எங்கள் தெருவில் ஹார்ன் சத்தம் இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஓயும் என்பதால் நான் அப்போதுதான் பதிகிறேன்.

ஒரே சாவியில் சுருதி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சாங் எடிட்டரில் (எஃப்5) ட்ரிப்பிள்ஆசிலேட்டர் டிராக் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதன் பெயரைக் கிளிக் செய்தால் மூன்று வரிசைக் குமிழ்கள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு ஒலி. தம்புராவில் மந்த்ர பஞ்சமம், சட்ஜம், மந்த்ர சட்ஜம் இருக்கிறதல்லவா? மூன்றையும் இந்த மூன்று வரிசையில் வைத்துவிடலாம். அரைச்சுரக் கணக்கில் ஏற்றி இறக்கும் 'கோர்ஸ் டீட்யூனிங்' குமிழில் முதல் வரிசைக்கு 0 (சட்ஜம்), இரண்டாவதுக்கு -5 (மந்த்ர பஞ்சமம்), மூன்றாவதுக்கு -12 (மந்த்ர சட்ஜம்). குமிழில் இரட்டைக் கிளிக் செய்தால் எண்ணை நேரடியாகவே அடிக்கலாம். வரிசைகளுக்கு நடுவே இருக்கும் பொத்தான்களில் 'மிக்ஸ்' மட்டும் எரிய வேண்டும்.

இப்போது ஒரு சாவியை அழுத்தினால் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். ஆனாலும் பஞ்சமம் லேசாக அலையும். கீபோர்டின் சம இடைவெளிச் சுரவரிசையில் பஞ்சமம் 700 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்). சுத்தமான பஞ்சமம் ஏறத்தாழ 702. அதனால் இரண்டாவது வரிசையின் 'ஃபைன் டீட்யூனிங்' இடது, வலது இரண்டையும் +2 ஆக்குங்கள். அந்த அலைவு நின்று சுருதி சேர்வதைக் காதில் உணர முடியும். இந்த இரண்டு சென்ட்டை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன். பிள்ளைகள் தினமும் கேட்டுப் பழகப் போகிற சுருதி இது.

அப்புறம் டிராக்கின் வலப்பக்கம் காலி இடத்தில் கிளிக் செய்து ஒரு கட்டம் உருவாக்கி, அதை இரட்டைக் கிளிக் செய்தால் பியானோ ரோல் திறக்கும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். பாடுகிறவரின் சுருதியில் ஒரே ஒரு நீளமான சுரம் வரைந்து, அதன் வலது ஓரத்தைப் பிடித்து எட்டு பார் வரை இழுத்துவிடுங்கள்.

கமகம்

இன்னொரு ட்ரிப்பிள்ஆசிலேட்டர் சேர்த்து அதில் சுரங்களை வரையலாம். ஆனால் சும்மா வரைந்தால் ஹார்மோனியத்தில் வாசிப்பதுபோல் தட்டையாக இருக்கும். கமகம், அதாவது அசைவு கொடுக்க, பியானோ ரோலில் ஷிஃப்ட்+T அழுத்தி டீட்யூன் முறைக்குப் போய் அந்தச் சுரத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் ஆட்டோமேஷன் சாளரம் திறக்கும்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதியில் அது டி ஷார்ப். கீழே சுத்த ரிஷபம் இரண்டு அரைச்சுரம் தள்ளி, மேலே சுத்த மத்யமமும் இரண்டு தள்ளி. அந்த இரண்டுக்கும் நடுவேதான் காந்தாரம் ஆட வேண்டும். -2, +2, -2, +2 என்று புள்ளிகள் வையுங்கள். மேலே உள்ள பொத்தான்களில் 'க்யூபிக் ஹெர்மைட்' தேர்ந்தெடுத்தால் வளைவாகப் போகும். 'லீனியர்' வைத்தால் நேர்க்கோடாக ஏறி இறங்கும், அசைவு மூலைமூலையாகக் கேட்கும். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். அக்காவைப் பாடச் சொல்லி, மத்யமத்தில் எவ்வளவு நேரம் தொட்டு நிற்கிறார் என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினேன். பொறுமை கேட்கிற வேலைதான். ஆனால் ராகம் அடையாளம் தெரிகிற அளவுக்கு வரும்.

முடித்ததும் டீட்யூன் முறையை விட்டு வெளியே வர, பென்சில் பொத்தானைத் திரும்ப அழுத்துங்கள். இல்லாவிட்டால் எந்தச் சுரத்தைத் தொட்டாலும் அதே சாளரம் திறந்துகொண்டே இருக்கும்.

சித்தார், ஷெனாய் மாதிரி வேண்டுமென்றால் ஃப்ளூயிட்ஆர்3 என்ற இலவச சவுண்ட்ஃபான்டை (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) இறக்கி எஸ்எஃப்2 பிளேயரில் திறக்கலாம். வாத்திய எண்கள் 0-இல் தொடங்குவதால் சித்தார் 104, ஷெனாய் 111. வீணையும் நாகஸ்வரமும் அந்தப் பட்டியலில் இல்லை.

கோப்பாக எடுப்பது

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 போதும். மேலே வேறு மென்பொருளில் குரல் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் வேவ், 44100 ஹெர்ட்ஸ். திரும்பத் திரும்ப ஓட வேண்டிய கோப்பு என்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ் லூப்' என்பதை டிக் செய்யுங்கள், கடைசியில் மௌனம் ஒட்டாது. குரலை ஆடாசிட்டியில் பதிந்து, அந்தக் கோப்பை எல்எம்எம்எஸ்ஸின் சாம்பிள் டிராக்கில் கொண்டுவந்து சேர்ப்பது என் வழக்கம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

"தாளம் தனியாகக் கேட்கிறது, சுருதியோடு சேர்ந்து வரவில்லை." பீட்+பேஸ்லைன் எடிட்டரும் சாங் எடிட்டரும் தனித்தனி, இரண்டுக்கும் தனித்தனி பிளே பொத்தான். நீங்கள் செய்த தாளம் சாங் எடிட்டரில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரியில் எத்தனை பார் வேண்டுமோ அத்தனை பாருக்குக் கட்டத்தை வரைந்தால்தான் பாட்டோடு ஓடும். வரைந்துவிட்டு, சாங் எடிட்டரின் பிளேயை அழுத்துங்கள்.

"சாவியை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது." முதலில் புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதில் வரும் தாமதத்தை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் சாதாரண வயர் ஹெட்போன் குறைந்த விலைக்கே கிடைக்கும். அப்புறமும் தாமதம் இருந்தால் செட்டிங்ஸில் பஃபர் அளவை (சத்தத்தை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதை) பாருங்கள். 1024 என்றால் சுமார் 23 மில்லிசெகண்ட், 256 என்றால் சுமார் 6. குறைத்ததும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். சத்தம் கரகரவென்று உடைந்தால் உங்கள் லேப்டாப்புக்கு அந்த அளவு தாங்கவில்லை. 512-க்கு ஏற்றிவிடுங்கள்.