அரைத்த இறைச்சிக் கறி ஏன் ரப்பர் போல ஆகிறது?

இறைச்சி அவியும் மணம் வேறு, பொரியும் மணம் வேறு. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் படி ஏறும்போதே எந்த வீட்டில் எது நடக்கிறது என்று மூக்குச் சொல்லிவிடும். அரைத்த இறைச்சி என்றால் பெரும்பாலும் அவியும் மணம்தான். நல்ல ஆட்டிறைச்சி, ஊரில் இருந்து வந்த வறுத்த தூள், றம்பை, கறிவேப்பிலை எல்லாம் போட்டிருப்பார்கள். கடைசியில் சாம்பல் நிறத்தில், உருண்டை உருண்டையாக, கடித்தால் ரப்பர் போல ஒரு கறி வரும். இப்போது இறைச்சி விற்கும் விலைக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. பிழை தூளில் இல்லை. இறைச்சியிலும் அநேகமாக இல்லை. வேண்டாத நேரத்தில் சேரும் தண்ணீரில்தான் இருக்கிறது.

அந்தத் தண்ணீரில் முதலாவது பைப்பில் இருந்து வருகிறது. அரைத்து வாங்கிய இறைச்சியை அரிதட்டில் போட்டுக் கழுவுவது நம்மவர் வழக்கம். அம்மா அப்படித்தான் செய்தார், நானும் பல வருடம் செய்தேன். கழுவாததைச் சட்டியில் போட மனம் கூசும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அரைத்தபின் கழுவினால் சாறும் ருசியும் ஓடிவிடுகின்றன, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. கிருமியும் போவதில்லை. முழுத் துண்டாக இருக்கும்போது கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே எங்கும் கலந்துவிடும். கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் அதைச் சிங்கிலும் பக்கத்தில் வைத்த கோப்பையிலும் பரப்புவதுதான் நடக்கும். கிருமியைக் கொல்வது சூடு. ஆடு, மாடு, பன்றி அரைத்ததென்றால் நடுப்பகுதி 71 பாகை செல்சியசுக்கு வரவேண்டும், கோழி என்றால் 74.

மனம் கேட்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இறைச்சியை முழுத் துண்டாக வாங்கி, மெதுவாக அலசி, கடதாசித் துவாயால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். பிறகு அரை மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்து இறுகவிட்டு, பாரமான கத்தியால் கொத்துங்கள். மிக்சியில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அடிக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் பசையாகிவிடும். கையால் கொத்திய ஆட்டிறைச்சியின் ருசிக்கு மெஷினில் அரைத்தது கிட்ட வராது என்பது என் எண்ணம்.

கடையில் அரைப்பிப்பதானால் ஏற்கெனவே அரைத்து வைத்ததை வாங்காமல், தோள்பக்கத் துண்டு ஒன்றைக் காட்டி, கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்காரர் மெஷினில் அதற்கு முன் என்ன அரைத்தது என்று தயங்காமல் கேட்கலாம். கொழுப்பு முழுவதையும் வெட்டி எறியச் சொல்வதும் ஒரு தவறு. நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு கொழுப்பு இருந்தால்தான் கறி மெதுவாக இருக்கும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு என்பதால் கொழும்பில் முதல் நாளே வாங்கி வைப்போம். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. அரைத்த இறைச்சி ஃபிரிட்ஜில் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள்தான் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃபிரீசர். வாங்கின பையோடு உருண்டையாக வைக்காமல், 250 கிராம் 250 கிராமாகப் பிரித்து, பையில் ஒரு சென்றிமீற்றர் தடிப்பில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். கெதியாக உறையும், கெதியாக இளகும். இளகவைப்பது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், முதல் நாள் இரவே. காலையில் குசினி மேசையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவது நம் வெக்கையில் ஆபத்து: இரண்டு மணித்தியாலம்தான் கணக்கு, 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணித்தியாலம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் பலருக்குப் பாடமாகிவிட்டது. வெளியே சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், காற்றுப் படாத இடத்தில் நிறம் அப்படித்தான் இருக்கும். மணம் மாறி, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் மட்டும் யோசிக்காமல் எறியுங்கள்.

இனி அடுப்பு. என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கறி இங்கேதான் கெடுகிறது. சின்னத் தாச்சி, வெங்காயம் வதங்கி முடிய முன்னரே ஒரு கிலோ இறைச்சியும் ஒரே தரம் உள்ளே, மேலே மூடி. அவ்வளவு குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் தாச்சியின் சூடு இறங்கும், சாறு வெளியே வரும். தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணப்பதற்கு 140 பாகையளவு வேண்டும். அதனால் அது தன் சாற்றிலேயே அவிந்து இறுகிவிடுகிறது.

வீட்டில் இருப்பதிலேயே அகலமான தாச்சியை எடுங்கள், இரும்பென்றால் மிக நல்லது. நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, அரைக் கிலோவை இரண்டு தரமாகப் போடுங்கள். பரப்பி அழுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கை வைக்காதீர்கள். இது கஷ்டம், அகப்பை கையில் இருந்தால் கிண்டத்தான் சொல்லும். அடிப்பக்கம் சிவந்தபின் புரட்டி, மர அகப்பையால் கட்டிகளை உடையுங்கள். காதையும் பாவியுங்கள்: முதலில் கொதிக்கிற சத்தம் கேட்கும், தண்ணீர் வற்றியதும் அது பொரிகிற சத்தமாக மாறும். அந்தச் சத்தம் வரும்வரை மூடியைத் தொடக்கூடாது. சிவந்ததை எடுத்து வைத்துவிட்டு, அதே தாச்சியில் வெங்காயம், இஞ்சி, உள்ளி, றம்பை, கறுவா, ஏலம், கராம்பு வதக்கினால் அடியில் பிடித்த சிவப்பெல்லாம் வெங்காயத்தோடு கழன்று வரும்.

உப்பைப் பச்சை இறைச்சியில் போட்டுப் பிசைந்து வைத்தால் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கட்டி கட்டியாக வருவதற்கு அது ஒரு காரணம். கறிக்கு இறைச்சி சிவந்தபின் உப்புப் போடுங்கள். வாழையிலையில் பொதிந்த லம்ப்ரைஸ் சோற்றுக்கு வைக்கிற ஃபிரிக்கடெல் என்ற இறைச்சி உருண்டைக்கு இதற்கு நேர்மாறு, அதற்கு அந்தப் பிடிப்புத்தான் வேண்டும். வறுத்த தூள் ஏற்கெனவே வறுபட்டது என்பதை மறந்து கொதிக்கும் எண்ணெயில் கொட்டினால் கைத்துவிடும். தணலைக் குறைத்து, இறைச்சியோடு சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டினால் போதும்.

இப்போதுதான் தண்ணீர் விடவேண்டும். ஆட்டிறைச்சி பொரிந்தால் மட்டும் மெதுவாகாது, அதன் தசைநார் இளக நேரம் வேண்டும். அரைக் கோப்பை கொதிநீரோ இரண்டாம் பாலோ விட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் விடுங்கள். கோழிக்குப் பத்து நிமிடம் போதும். முதற்பாலை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னர் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்குங்கள், இல்லாவிட்டால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி அடுப்பை நிறுத்தியபின்.

றோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் பால் கூடாது. தாச்சியில் அகப்பையால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் நீர் வந்து சேராத அளவுக்கு வற்றவேண்டும். உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து மசித்தால் அது தண்ணீர் குடிக்காது. எல்லாவற்றையும் கலந்து, தட்டில் பரப்பி, முழுதாக ஆறவிட்டபின்தான் சுற்றவேண்டும். சூட்டோடு சுற்றிய றோல்ஸ் எண்ணெயில் வெடிப்பது உள்ளே அடைபட்ட ஆவியால். மாலையில் விருந்தினர் வருவதாக இருந்தால் நான் கலவையை முதல் நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், சுற்றும்போது கையிலும் ஒட்டாது.