பாதியில் போன பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பது எப்படி?

ஐந்து பிள்ளைகளின் மதிப்பெண் 40, 50, 60, 70, 80. சராசரி 60. முதல் இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டால் சராசரி 70. யாரும் கூடுதலாக ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. பல ஆண்டுகள் நடக்கும் கல்வி ஆய்வுகளில் இந்தப் பொய் ஏற்றத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பழகிப் பார்க்க அமெரிக்காவின் டென்னசி மாநில ஸ்டார் ஆய்வு நல்லது. சிறு வகுப்பில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று பார்த்த ஆய்வு அது. 1985இல் மழலையர் வகுப்பில் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை நடந்தது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13–17 பேர் உள்ள சிறு வகுப்புக்கும் 22–25 பேர் உள்ள வழக்கமான வகுப்புக்கும் (ஆசிரியருக்கு உதவியாளர் உள்ளது, இல்லாதது என இரு வகை) பிரித்தார்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏஇஆர் (AER) என்ற கூடுதல் தொகுப்பை நிறுவினால் தரவு கூடவே வரும். எக்செல் வேண்டாம், காலிக் கட்டங்களைச் சொல்லாமலே விட்டுவிட்டுச் சராசரி போடும்.

முதல் படி: மழலையர் வகுப்பில் இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். அட்டவணையில் 11,598 வரிசைகள். மொத்தத்தையும் வைத்து வகுத்தேன், போனவர்களின் விகிதம் எதிலும் ஒட்டவில்லை. அங்கே அப்போது மழலையர் வகுப்பு கட்டாயமில்லை. பலர் முதல் வகுப்பில்தான் சேர்ந்தார்கள். அவர்களுடைய காலிக் கட்டத்துக்குப் பொருள் ‘இன்னும் வரவில்லை’, ‘போய்விட்டார்’ அல்ல. தொடக்கத்தில் இருந்தவர்கள் 6,325 பேர்தான்.

அடுத்து, இவர்களில் மூன்றாம் வகுப்புக் கட்டம் காலியாக இருப்பவர்களைப் ‘போனவர்கள்’ என்று குறியுங்கள். ஃபெயிலாகி அதே வகுப்பில் நின்றவர்களும் இதில் வருவார்கள்.

அப்புறம், போனவர்களின் மழலையர் வகுப்புக் கணித மதிப்பெண்ணை இரு பிரிவிலும் ஒப்பிடுங்கள். எத்தனை சதவீதம் போனார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் படிப்பில் பின்தங்கியவர்களும் மறுபக்கம் நன்றாகப் படிப்பவர்களும் போயிருந்தால், சதவீதம் சமமாக இருந்தும் முடிவு கோணிவிடும்.

கடைசியாக, போனவர்களின் இடத்தை நிரப்பி மீண்டும் கணக்கிடுங்கள். பொருளியலாளர் ஆலன் க்ரூகர் 1999இல் இதே தரவில் போனவர் ஒவ்வொருவருக்கும் கடைசியாகக் கிடைத்த மதிப்பெண்ணை இட்டுப் பார்த்தார். சிறு வகுப்பின் பலன் பெரிதாக மாறவில்லை. வெறும் மதிப்பெண்ணை இடாதீர்கள், வகுப்பு ஏற ஏற அதுவும் ஏறும். அந்தந்த ஆண்டின் சதமான நிலையை, அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினார் என்பதை, இடுங்கள்.

பிற்சேர்க்கை: கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும், ஆனால் திசை மாறும். சிறு வகுப்பில் படித்தவர்களில் அதிக விகிதத்தினர் அந்தத் தேர்வை எழுதினார்கள். வேறு வகுப்பில் இருந்திருந்தால் எழுதாமலே விட்டிருக்கக்கூடிய பிள்ளைகளும் அதில் சேர்ந்திருப்பார்கள். எழுதியவர்களின் சராசரியை மட்டும் பார்த்தால் சிறு வகுப்பின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.